வீகன் உணவும் சுற்றுச்சூழலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இறைச்சி, மீன், முட்டை, பால், பாலில் இருந்து வரும் தயிர், வெண்ணெய், சீஸ், அப்புறம் தேன். இவை எதுவும் இல்லாமல், தாவரங்களில் இருந்து மட்டும் கிடைப்பதைச் சாப்பிடுவதுதான் வீகன் உணவு. உயிர்களிடம் இரக்கம், உடல்நலம், சுற்றுச்சூழல் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். இங்கே சுற்றுச்சூழல் பற்றி மட்டும் பார்க்கலாம். முதல் இரண்டு காரணங்களைப் பற்றிச் சண்டை போட இணையத்தில் வேறு இடங்கள் நிறைய உண்டு.

நான் சாப்பிடுவதற்கும் பூமி சூடாவதற்கும் என்ன சம்பந்தம்?

நாம் நினைப்பதைவிட அதிகம். 2018இல் ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் என்ற இரு ஆய்வாளர்கள் 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் தகவல்களைத் திரட்டி ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனிதர்களால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் ஏறக்குறைய 26 சதவீதம் உணவு உற்பத்தியால் வருகிறது என்பது அதில் தெரிந்தது. காட்டை வெட்டுவது, உழுவது, உரம் போடுவது, கால்நடை வளர்ப்பது, பதப்படுத்துவது, லாரியில் ஏற்றுவது எல்லாம் இதில் அடக்கம். இந்தப் பக்கத்தில் நான் தரும் எண்களில் பாதிக்கு மேல் அந்த ஆய்வில் இருந்து வந்தவைதான்.

கால்நடை வளர்ப்பின் பங்கு மட்டும் எவ்வளவு? ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு 2013இல் 14.5 சதவீதம் என்றது. 2023இல் வெளியிட்ட புதிய கணக்கில் சுமார் 12 சதவீதம் என்றது. எதை எதையெல்லாம் சேர்ப்பது என்பதைப் பொறுத்து எண் கொஞ்சம் ஏறும், இறங்கும். 14.5ஆ 12ஆ என்று விவாதம் செய்து கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு அலுப்பாக இருக்கும். இரண்டில் எது சரியென்றாலும் அது சின்னப் பங்கு இல்லை.

மாடு விடும் ஏப்பம் உண்மையிலேயே அவ்வளவு பெரிய விஷயமா?

கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் ஆமாம். மாட்டின் இரைப்பையில் நான்கு அறைகள். முதல் அறை மிகப் பெரியது. நன்கு வளர்ந்த மாட்டுக்கு அதில் 100 லிட்டருக்கும் மேல் கொள்ளும். மாடு மென்று விழுங்கும் புல்லும் வைக்கோலும் அங்கே ஊறிக் கிடக்கும். நம் வயிற்றால் செரிக்க முடியாத நாரை அங்கே வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் உடைக்கின்றன. உடைக்கும்போது ஹைட்ரஜன் வெளியாகிறது. ஆர்க்கியா எனும் இன்னொரு வகை நுண்ணுயிர் அந்த ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து மீத்தேனாக மாற்றுகிறது. இது மாட்டுக்கு உதவாத வாயு, ஆகவே ஏப்பமாக வெளியே வந்துவிடும். பலர் நினைப்பது போல இது பெரும்பாலும் பின்வழியாக வருவது இல்லை, வாய்வழியாகத்தான். ஒரு பெரிய மாடு ஆண்டுக்கு 70 முதல் 120 கிலோ வரை மீத்தேன் விடும். ஆடு, செம்மறி, எருமை எல்லாமே அசைபோடும் கூட்டம்தான். கோழிக்கும் பன்றிக்கும் இப்படிப்பட்ட இரைப்பை கிடையாது.

எடைக்கு எடை பார்த்தால், 100 ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைப் போல 27 மடங்கு சூடேற்றும். 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்கு. ஆனால் அது காற்றில் சராசரியாக 12 ஆண்டுதான் தங்கும். இதில் நமக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. மீத்தேன் இருக்கும் இடம் ஓட்டைக் குடம் மாதிரி: ஊற்றுவதைக் குறைத்தாலே மட்டம் தானாக இறங்கத் தொடங்கும். கார்பன் டை ஆக்சைடில் அது நடக்காது, ஊற்றியதில் பெரும்பகுதி நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே நிற்கும். மீத்தேனைக் குறைத்தால் பலனை நம் ஆயுளிலேயே பார்க்கலாம் என்பதால்தான் 2021 கிளாஸ்கோ மாநாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள், 2020இல் இருந்த அளவைவிட 2030க்குள் 30 சதவீதம் குறைப்பதாகக் கூட்டாக உறுதி எடுத்தன.

மீத்தேன் பேச்சில் நைட்ரஸ் ஆக்சைடை மறந்துவிடுகிறோம். சாணக் குவியலில் இருந்தும், தீவனப் பயிருக்குப் போட்ட உரத்தில் இருந்தும் வெளியாகும் இந்த வாயு, கார்பன் டை ஆக்சைடைப் போல 270 மடங்குக்கு மேல் சூடேற்றும். காற்றில் நூறு ஆண்டுக்கும் மேல் தங்கும்.

சரி, வீகன் உணவால் கிடைக்கும் மிகப் பெரிய லாபம் வாயு குறைவதுதானா?

இல்லை. என்னைக் கேட்டால் நிலம் என்பேன். ஏப்பக் கதை சுவாரசியமாக இருப்பதால் எல்லாரும் அதையே பேசுகிறார்கள், நிலத்தைப் பற்றிப் பேச ஆள் குறைவு.

இன்றைய விவசாய நிலத்தில் சுமார் 83 சதவீதம் இறைச்சி, பால், முட்டை, வளர்ப்பு மீன் ஆகியவற்றுக்காகவே பயன்படுகிறது. மேய்ச்சல் நிலமும் தீவனம் விளையும் வயலும் சேர்ந்த கணக்கு இது. அவ்வளவு இடத்தை எடுத்துக்கொண்டு இவை திருப்பித் தருவது உலகின் கலோரியில் 18 சதவீதம், புரதத்தில் 37 சதவீதம்.

காரணம் எளியது. விலங்கு தின்பதெல்லாம் சதையாக மாறுவதில்லை. நடக்க, மூச்சுவிட, உடல்சூட்டைக் காக்க, எலும்பும் தோலும் வளர்க்க என்று பெரும்பகுதி செலவாகிவிடும். கோழிக்குக் கொடுக்கும் தீவனத்தின் கலோரியில் எட்டில் ஒரு பங்கு அளவுதான் இறைச்சியாக நம் தட்டுக்கு வருகிறது. மாட்டிறைச்சியில் அது 3 சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கும். ஆக, ஒரு தட்டு உணவுக்காகப் பல தட்டு உணவை விளைவித்தாக வேண்டும். அதற்கெல்லாம் இடம் வேண்டுமே?

உலகமே வீகனாக மாறினால் உணவுக்குத் தேவைப்படும் நிலம் 76 சதவீதம் குறையும் என்பது அந்த 2018 ஆய்வின் கணக்கு. ஹெக்டேரில் சொன்னால் 310 கோடி. ஆப்பிரிக்கக் கண்டத்தின் பரப்பைவிடச் சற்றுக் கூடுதல். இதோடு உணவால் வெளியாகும் வாயுவும் பாதியாக, 49 சதவீதம், குறைகிறது.

அதோடு முடியவில்லை. விட்டுவிட்ட நிலத்தில் மரமும் புதரும் புல்லும் திரும்ப வளர்ந்தால், அவை காற்றில் இருக்கும் கார்பனை இழுத்துத் தண்டிலும் வேரிலும் மண்ணிலும் வைத்துக்கொள்ளும். ஆண்டுக்கு சுமார் 810 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு, நூறு ஆண்டு காலத்துக்கு என்று அதே ஆய்வு மதிப்பிடுகிறது. இந்த வரவு மேலே சொன்ன 49 சதவீதத்தில் சேராதது, தனி.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நிலம் காலியானதும் தானாகக் காடாகிவிடாது. கட்டடம் வரலாம், எரிபொருளுக்கான பயிர் வரலாம். சாப்பாட்டை மாற்றுவது இடத்தைக் காலி செய்து தரும், அவ்வளவுதான். அந்த இடத்தை என்ன செய்வது என்பது அரசுகளும் நில உரிமையாளர்களும் முடிவு செய்வது.

காட்டுயிர்களுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உலகில் உள்ள பாலூட்டிகளை எல்லாம் ஒரு தராசில் ஏற்றினால், எடையில் 60 சதவீதம் மாடு, பன்றி, ஆடு போன்ற வளர்ப்பு விலங்குகள். 36 சதவீதம் மனிதர்கள். மீதி 4 சதவீதத்துக்குள் யானை முதல் திமிங்கிலம் வரை அத்தனை காட்டு விலங்குகளும் அடங்கிவிடுகின்றன. 2018இல் வெளியான இன்னோர் ஆய்வின் கணக்கு இது. காட்டு விலங்குக்கு முதல் எதிரி வேட்டைக்காரன் என்று நினைப்போம். பல இடங்களில் உண்மையான எதிரி மேய்ச்சல் நிலமும் வயலும்தான்.

சோயா விளைவிக்கத்தானே அமேசான் காட்டை வெட்டுகிறார்கள்? டோஃபு (சோயா பாலில் செய்யும் பனீர் போன்ற உணவு) சாப்பிடுபவர்கள்தான் குற்றவாளிகள் இல்லையா?

இந்தக் கேள்வி வராத விவாதமே இல்லை. உலகில் விளையும் சோயாவில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் கோழி, பன்றி, மாடு, வளர்ப்பு மீன் ஆகியவற்றுக்குத் தீவனமாகப் போகிறது. டோஃபு, சோயா பால் போன்று மனிதர்கள் நேரடியாக உண்பது சுமார் 7 சதவீதம். மீதி சமையல் எண்ணெய், எரிபொருள், தொழிற்சாலைப் பயன்பாடு. அதோடு அமேசானில் காடு அழிந்த இடத்தில் பெரும்பகுதி இன்று மாட்டு மேய்ச்சல் நிலமாகத்தான் இருக்கிறது. சோயாவுக்குப் பங்கு இல்லாமல் இல்லை, ஆனால் அந்தப் பங்கும் சுற்றி வளைத்துக் கோழிக்கறி வழியாகத்தான் தட்டுக்கு வருகிறது.

மேய்ச்சல் நிலம் பயிருக்கு லாயக்கு இல்லாத நிலம்தானே? அதை விட்டுவிட்டால் உணவுக்கு எங்கே போவது?

வீகன் உணவுக்கு எதிராகச் சொல்லப்படுவதில் சரக்குள்ள கேள்வி இதுதான். மேய்ச்சல் நிலத்தில் பெரும்பகுதி சரிவான, வறண்ட, கல் நிறைந்த இடம் என்பது உண்மை. கால்நடைகள் தின்பதில் சுமார் 86 சதவீதம் மனிதர் உண்ண முடியாத புல், வைக்கோல், பிண்ணாக்கு போன்றவை என்று 2017இல் உணவு மற்றும் வேளாண் அமைப்பின் ஆய்வாளர்களே கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆனால் அதே கணக்கில் இன்னொரு வரி இருக்கிறது: உலகில் விளையும் தானியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கால்நடைத் தீவனமாகப் போகிறது. அந்தத் தானியம் விளைவது நல்ல வயலில். அதனால்தான் எல்லாரும் வீகனாக மாறினால் மேய்ச்சல் நிலம் மட்டும் இல்லை, பயிர் நிலத்தின் தேவையும் 19 சதவீதம் குறைகிறது. கல்லுக் காட்டை உழ வேண்டிய வேலையே இல்லை. இருக்கும் வயலில் ஒரு பகுதியைக்கூட விட்டுவிடலாம்.

பயிரே விளையாத வறண்ட பகுதியில் ஆட்டையும் ஒட்டகத்தையும் நம்பி வாழும் மேய்ச்சல் சமூகங்கள் இருக்கின்றன. அவர்களிடம் போய் வீகனாக மாறச் சொல்வதில் அர்த்தம் இல்லை. இந்தப் பேச்சு கடை அலமாரியில் பத்து விதப் புரதம் கிடைப்பவர்களுக்கானது.

புல் மேய்ந்து வளர்ந்த மாடு என்றால் பரவாயில்லையா?

நன்றாகப் பராமரித்த மேய்ச்சல் நிலம் மண்ணில் கார்பனைச் சேர்க்கும், மறுக்கவில்லை. ஆனால் நிலைமை மிகச் சாதகமாக இருந்தாலும் அது மேயும் விலங்குகள் விடும் வாயுவில் 20 முதல் 60 சதவீதத்தை மட்டுமே ஈடுகட்டும் என்று 2017இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் தலைமையில் வந்த அறிக்கை சொல்கிறது. அதுவும் சில பத்தாண்டுகளில் மண் நிறைந்ததும் நின்றுவிடும். புல் மட்டும் தின்னும் மாடு மெதுவாக வளரும். ஆகவே அதிக நாள் மீத்தேன் விடும், அதிக நிலமும் கேட்கும். விலங்கின் நல்வாழ்வுக்கு அது மேலானதாக இருக்கலாம். காலநிலைக் கணக்கு வேறு.

தூரத்தில் இருந்து வரும் பருப்பைவிடப் பக்கத்துப் பண்ணை இறைச்சி மேல் அல்லவா?

பெரும்பாலும் இல்லை. உணவின் மொத்த வாயுக் கணக்கில் போக்குவரத்தின் பங்கு சராசரியாக 6 சதவீதம்தான். மாட்டிறைச்சியில் அது 1 சதவீதத்துக்கும் கீழ். கப்பலில் வரும் பயறு கடல் கடந்து வந்தாலும் பண்ணை இறைச்சியின் பக்கத்தில்கூட நிற்காது. விதிவிலக்கு விமானம். சீக்கிரம் அழுகும் சில பழங்களும் மென்மையான காய்களும் விமானத்தில் வருகின்றன. அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

நான் இறைச்சி சாப்பிடுவதில்லை. பால், தயிர், சீஸ் மட்டும்தான். அது போதாதா?

இறைச்சியை விட்டதே பெரிய படி. ஆனால் பால் பொருட்கள் நினைப்பது போல லேசானவை இல்லை. ஒரு லிட்டர் பசும்பாலுக்கு உலகச் சராசரியில் சுமார் 3.2 கிலோ வாயு. (மற்ற வாயுக்களைக் கார்பன் டை ஆக்சைடு கணக்குக்கு மாற்றிக் கூட்டிய எடை இது. கீழேயும் அப்படியே.) நிலம் 9 சதுர மீட்டர். சோயா பாலுக்கு 1 கிலோ, ஓட்ஸ் பாலுக்கு 0.9 கிலோ, நிலமோ இரண்டுக்கும் 1 சதுர மீட்டர்கூட ஆகாது.

சீஸில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு கிலோ கெட்டியான சீஸுக்கு ஏறக்குறைய 10 லிட்டர் பால் வேண்டும், வெண்ணெய்க்கு அதைவிடக் கூட. 100 கிராம் புரதத்துக்கு என்று கணக்குப் போட்டால் சீஸ் 11 கிலோ வாயு, பன்றி இறைச்சி 7.6, கோழி 5.7, முட்டை 4.2. கோழியை விட்டுவிட்டு அந்த இடத்தில் சீஸை வைத்தவர் சுற்றுச்சூழலுக்கு நல்லது செய்யவில்லை, தலைகீழாகச் செய்திருக்கிறார். நல்ல மனதோடு மாறிய பலர் விழும் குழி இது.

பாதாம் பால் தண்ணீரை உறிஞ்சுகிறது என்கிறார்களே?

தாவரப் பால்களில் தண்ணீர் அதிகம் கேட்பது அதுதான்: லிட்டருக்கு சுமார் 370 லிட்டர். அரிசிப் பாலுக்கு 270. பசும்பாலுக்கு 628. ஓட்ஸுக்கு 48, சோயாவுக்கு 28. உங்கள் கவலை தண்ணீர் என்றால் சோயாவும் ஓட்ஸும் இருக்க, பாதாமைப் பிடித்துத் தொங்க வேண்டாம்.

தண்ணீர்க் கணக்கில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு 15,400 லிட்டர் தண்ணீர் என்ற எண்ணை எங்கும் பார்க்கலாம். எண் சரிதான், ஆனால் அதில் 94 சதவீதம் புல்லிலும் தீவன வயலிலும் பெய்த மழை. ஆற்றில் இருந்தும் நிலத்தடியில் இருந்தும் எடுத்தது கொஞ்சம். தண்ணீர் எடுக்கும் இடத்தில் உள்ள பற்றாக்குறையையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால், முழு வீகன் உலகில் நன்னீர்ச் செலவு குறைவது 19 சதவீதம். நல்லதுதான், ஆனால் நிலத்தில் கிடைக்கும் லாபத்தோடு ஒப்பிட ஆகாது. நீரின் அளவைவிட நீரின் தரத்தில் பலன் அதிகம்: சாணமும் உரமும் கரைந்து ஓடி ஏரி, கடலோரம் எல்லாம் பாசி பிடித்து மீன் மூச்சு முட்டும் மாசு 49 சதவீதம் குறையும்.

மீன் மட்டும் சாப்பிட்டால்?

வாயுக் கணக்கில் சில மீன்கள் தேவலாம். ஆனால் உலகின் மீன் வளங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகின்றன. கடலடியைச் சுரண்டும் இழுவலை வலையில் விழுந்ததை எல்லாம் அள்ளும். வளர்ப்பு மீனுக்குத் தீவனமாகச் சின்ன மீன்களையே அரைத்துப் போடுவதும் நடக்கிறது. இறால் பண்ணைக்காக அழிந்த அலையாத்திக் காடுகள் இன்னொரு கதை.

அப்படியென்றால் புரதத்துக்கு எது நல்லது?

பயறு, பருப்பு, பட்டாணி, கொண்டைக்கடலை, சோயா. சந்தேகமே வேண்டாம். 100 கிராம் புரதத்துக்கு மாட்டிறைச்சியில் உலகச் சராசரி 50 கிலோ வாயு. பட்டாணியில் 0.4 கிலோ. நூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று பார்க்க வேண்டுமானால், நன்றாக வளர்ந்த பயறுச் செடி ஒன்றை வேரோடு மெதுவாகப் பிடுங்கி மண்ணை உதறிப் பாருங்கள். வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். வேலை நடக்கிறது என்பதற்கு அந்த நிறம்தான் அடையாளம். நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு நெருங்கிய உறவான ஒரு புரதம் தரும் நிறம் அது. முடிச்சுக்குள் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றில் இருக்கும் நைட்ரஜனை எடுத்துச் செடி பயன்படுத்தும் உரமாக மாற்றித் தருகிறது. கூலியாகச் செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது. தொழிற்சாலையில் இதே வேலையைச் செய்ய இயற்கை எரிவாயுவும், மிகுந்த வெப்பமும் அழுத்தமும் வேண்டும். பயறுச் செடி நைட்ரஜன் உரம் அதிகம் கேட்காமல் புரதம் தருவது இதனால்தான். அறுவடைக்குப் பிறகு வேரும் தழையும் மக்கி அடுத்த பயிருக்கும் கொஞ்சம் விட்டுவைக்கிறது.

வீகன் என்று எழுதியிருந்தாலே சுற்றுச்சூழலுக்கு நல்லதா?

இல்லை. காட்டை வெட்டிய இடத்தில் விளைந்த கோகோவும் காப்பியும் வீகன்தான், அவற்றின் வாயுக் கணக்கு சில இறைச்சிகளை எட்டும். பனை எண்ணெயும் அப்படியே. நீர் தேங்கிய வயலில் விளையும் நெல்லும் மீத்தேன் விடும், ஆனாலும் மாட்டிறைச்சிக்குப் பக்கத்தில் வராது. வாங்கி அழுகவிட்டுக் குப்பையில் கொட்டுவதை வேறு சேர்த்துக்கொள்ளுங்கள். கொட்டிய உணவுக்கும் நிலமும் நீரும் செலவானதுதானே.

நிலக்கரியையும் பெட்ரோலையும் விட்டுவிட்டுச் சாப்பாட்டைக் குறை சொல்வது நியாயமா?

எரிபொருள்தான் முதல் பிரச்சினை, அதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் நிலக்கரி, பெட்ரோல் எல்லாவற்றையும் இன்றே நிறுத்தினாலும், உணவு முறை இப்படியே தொடர்ந்தால் அதிலிருந்து வரும் வாயு மட்டுமே வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த விடாது என்று 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. இது வேண்டுமா அது வேண்டுமா என்ற கேள்வியே தவறு.

முழுக்க மாற முடியவில்லை. பாதி மாறினால் பலன் உண்டா?

நிறைய உண்டு. பிரிட்டனில் 55,000க்கும் மேற்பட்டவர்களின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்து 2023இல் ‘நேச்சர் ஃபுட்’ இதழில் வந்த ஆய்வைப் பாருங்கள். தினம் 100 கிராமுக்கு மேல் இறைச்சி உண்பவரோடு ஒப்பிட்டால் வீகன் உண்பவரின் வாயுவும் நிலப் பயன்பாடும் சுமார் 75 சதவீதம் குறைவு. இடையில் இருப்பவர்கள் படிப்படியாகக் குறைகிறார்கள். 50 கிராமுக்குக் கீழ் உண்பவருக்கும் மிகுதியாக உண்பவருக்கும் இடையிலேயே பெரிய இடைவெளி.

2018 ஆய்வும் இதையே வேறு விதத்தில் சொல்கிறது. விலங்கு உணவில் பாதியை மட்டும் குறைத்து, அந்தப் பாதி மிக மோசமான பண்ணைகளில் இருந்து வருவதாக இருந்தால், முழுக்க விட்டால் கிடைக்கும் வாயுக் குறைவில் 71 சதவீதம் கிடைத்துவிடும்.

எதில் தொடங்குவது என்று கேட்டால்: முதலில் மாடு, ஆடு. அடுத்து சீஸ், வெண்ணெய். அப்புறம் மற்றவை. ஒன்றை நிறுத்தும்போது அந்த இடத்தில் பயறை வையுங்கள், இன்னொரு விலங்கு உணவை வைக்க வேண்டாம். தேன் பற்றித் தலையை உடைத்துக்கொள்வதை எல்லாம் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

உடம்புக்குச் சத்து போதுமா?

இந்தப் பக்கத்தின் வேலை அது இல்லை என்றாலும் ஒன்று சொல்ல வேண்டும். வைட்டமின் பி12 தாவர உணவில் நம்பத்தக்க அளவில் கிடையாது. முழு வீகன் உணவுக்கு மாறுபவர்கள் பி12 மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த வைட்டமினை உண்டாக்குவது பாக்டீரியாதான். மாத்திரைக்கும் அதையே தொட்டியில் வளர்த்துத்தான் எடுக்கிறார்கள், எந்த விலங்கும் தேவை இல்லை. கர்ப்பிணிகளும் குழந்தைகளுக்குக் கொடுக்க நினைப்பவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு மாறுங்கள்.